ஊரோடு சேர்ந்து வளர்ந்தோம்

(பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரை ஆறு பேருடையது. நம் சங்கம் தொடங்கிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வாடகை அறையில் பாய் விரித்துத் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். அந்த வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒருவர் தாதியானார். ஒருவர் கப்பல் பட்டறைக்குப் போனார். ஒருவர் நாணய மாற்றுக் கடையில் உட்கார்ந்தார். ஒருவர் ஆசிரியை. ஒருவர் டாக்சி ஓட்டினார். ஒருவர் தம் அத்தாவின் சாப்பாட்டுக்கடையை இன்றும் நடத்துகிறார். இன்றைய பிரியாணியும் அவருடையதே என்பதால் உரை நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். அவர் கடையை மூடிய பிறகு மூன்று சனிக்கிழமை இரவுகள் உட்கார்ந்து பேசி எழுதியது இது. ஆகவே இதில் "நான்" என்ற சொல் வராது.

"சிங்கப்பூரோடு நாம் வளர்ந்த கதை" என்று எங்களுக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். கேட்டவுடன் பெருமையாக இருந்தது. பேசத் தொடங்கியதும் கொஞ்சம் கூச்சமும் வந்தது. ஏனென்றால் வளர்ந்தவர்களின் கதை மட்டும் நமக்குத் தெரியும்; வளர முடியாமல் திரும்பிப் போனவர்களின் கதையை நாம் மலரில் அச்சிடுவதில்லை. இன்று இரண்டையும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம்.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டிலிருந்து தொடங்குவோம். நம் பிள்ளைகள் பலருக்கு அது அலுவலகங்களும் காப்பிக் கடைகளும் நிறைந்த தெரு. அங்கே நிற்கும் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. அன்று அதன் வாசலுக்கு எதிரே கடல் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய நம் முன்னோர் கரையேறியதும் கண்ட இடம் அது. அங்கிருந்து சற்று நடந்தால் நாம் குச்சுப் பள்ளி என்று சொல்லும் அல் அப்ரார் பள்ளிவாசல். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826ல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1822ல் வகுத்த நகரத் திட்டத்திலேயே சூலியாக்களுக்கென்று ஒரு கம்பம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்தக் கடல் இன்று எங்கே? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்த்தார்கள். அந்த மண்ணின்மேல்தான் இன்றைய ராபின்சன் ரோடு ஓடுகிறது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த இந்தத் தீவு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. தர்கா ஓர் அடிகூட நகரவில்லை; கடல் நகர்ந்துவிட்டது. 1974ல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2011 முதல் அது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமையை எடுத்துச் சொல்லும் நிலையமாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், கடலோரத்துக் கட்டடம் ஒன்று இந்த ஊரில் நிலைத்து நிற்பதற்குப் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டடத்துக்கே அப்படியென்றால் மனிதர்களான நாம் எம்மாத்திரம்?

இனி எங்கள் வீட்டுக் கதைகளுக்கு வருவோம். எங்களில் சிலர் வீட்டில் அத்தா, சிலர் வீட்டில் வாப்பா. எப்படி அழைத்தாலும் அவர்கள் பார்த்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று தஞ்சோங் பகார் துறைமுகம், இல்லையென்றால் செம்பவாங் கடற்படைத் தளம். மிஞ்சியவர்களுக்குத் தள்ளுவண்டி, தண்ணிக்கடை, ஒட்டுக்கடை. அம்மாக்கள் அம்மியில் மசாலா அரைத்து உருட்டி, அக்கம்பக்கத்துக்கும் சந்தைக்கும் கொடுத்தார்கள். அந்தக் காசு கணக்கில் வராது. ஆனால் எங்கள் பள்ளிச் சீருடை அந்தக் காசில்தான் வந்தது.

பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போகின்றன என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்தது. 1971க்குள் அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். கடற்படையின் கப்பல் பட்டறை 1968லேயே உள்நாட்டு நிறுவனமாக மாறியது. தளத்தை நம்பியிருந்த குடும்பங்களில் இரவெல்லாம் பேச்சு இதுதான்: இருப்பதா, ஊருக்குப் போவதா? அந்தப் பேச்சு ஓய்வதற்குள் துறைமுகத்திலும் மாற்றம் வந்தது. 1972 ஜூன் 23ஆம் தேதி தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. அதுவரை மூட்டையைத் தோளில் ஏற்றி, பலகைமேல் நடந்து, கிடங்கில் இறக்கியவர்கள் நம் அத்தாமார். பல பேர் சேர்ந்து நாள்கணக்கில் இறக்கிய சரக்கு, ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, பாரந்தூக்கியில் தொங்கிக்கொண்டு இறங்கியது. தோள் வலிமைக்கு இருந்த விலை அன்றோடு குறையத் தொடங்கியது.

எங்களில் தாதியாக இருந்தவருடைய அத்தா அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கொள்கலன்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கொள்கலனின் மேலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் இருக்கும். எண்கள் அவருக்குத் தெரியும். எழுத்துகள் தெரியாது. அந்த வருடம்தான் மகள் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். இரவில் சிறிய விளக்கடியில் அத்தாவும் மகளும் ஒரே புத்தகத்தின்முன் உட்கார்ந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை சொல்லிக்கொடுக்க, முப்பத்தெட்டு வயது மனிதர் விரலால் தரையில் எழுதிப் பழகினார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. சில மாதங்களில் அவர் கையில் மூட்டைக் கொக்கிக்குப் பதிலாகப் பென்சிலும் அட்டையும் இருந்தன.

சிரித்தவர்களில் ஒருவர் அவருடைய உயிர் நண்பர். அறையில் பக்கத்துப் பாய்க்காரர். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர். "இந்த வயசுல ஏபிசிடியா? நமக்கு வேண்டாம்பா" என்றார். வேலை குறைந்தது. ஒருநாள் பெட்டியைக் கட்டினார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பால் டின் ஒன்றில் காசு போட்டு அவருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தார்கள். அவர் நாகப்பட்டினத்தில் இறங்கி ஊர்போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு இங்கு வரவே இல்லை.

தாதியின் அத்தா 84 வயதுவரை வாழ்ந்தார். எத்தனையோ முறை மகளிடம் ஒன்றையே சொல்லியிருக்கிறார்: "டின்னுல காசு போட்டேன். அவனைக் கையைப் பிடிச்சு உன் புத்தகத்துக்கு முன்னால உட்கார வச்சிருக்கணும். அதைச் செய்யலையே."

நம் சங்கத்தின் தொடக்கமும் அந்தப் பால் டின்தான் என்பதை இளையர்கள் அறிய வேண்டும். ஒவ்வோர் அறையிலும் இருந்த டின்கள் ஒன்றுசேர்ந்து சங்கமாயின. ஊருக்குப் போகிறவருக்கு டிக்கெட், காலமானவரின் ஜனாஸாச் செலவு, எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தல். முதல் பத்து ஆண்டுகளின் வேலை பெரும்பாலும் இவைதான். திரும்பிப் போகிறவர்களுக்காகத் தொடங்கிய சங்கம் இது. இங்கேயே இருக்கப்போகிறோம் என்று முடிவானதும் சங்கமும் மாற வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்பும் கல்வி நிதியும் அப்படித்தான் பிறந்தன.

இருக்கப்போகிறோம் என்று எப்போது முடிவானது? எங்கள் ஆறு பேரைக் கேட்டால், கழக வீட்டின் சாவி கைக்கு வந்த நாளில்தான் என்போம். அதற்குமுன் ஒரு கடைவீட்டின் மாடியில் பல குடும்பங்கள். ஒரு குழாய், ஒரு கழிப்பறை. தோ பாயோ, பிடோக், அங் மோ கியோ என்று ஆளுக்கொரு பேட்டைக்குப் போனோம். அம்மாக்கள் முதல் நாள் சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடினார்கள். மத்திய சேம நிதிச் சேமிப்பில் வீடு வாங்கலாம் என்ற ஏற்பாடு 1968ல் வந்தது. நாள்கூலிக்குப் போனவரின் பெயரில் ஒரு வீடு என்பது ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இழந்ததும் உண்டு. முன்பு ஒருவர் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். புளோக்கில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. சங்கத்துக்கு நடந்து வந்தவர்கள் இரண்டு பேருந்து மாறி வரவேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தாழ்வாரம்தான் எங்களுக்குப் பக்கத்து மனிதரைப் பழகக் கற்றுக்கொடுத்தது. நோன்புப் பெருநாளுக்கு நாம் கொடுத்த தட்டு காலியாகத் திரும்பி வந்ததில்லை. சீனப் புத்தாண்டுக்கு, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிய பிஸ்கட் டின்னோடு எதிர்வீட்டுப் பாட்டி வருவார். டாக்சி ஓட்டிய எங்கள் நண்பருக்கு மலாயும் ஹொக்கியனும் வந்தது தாழ்வாரத்தில்தான். பின்னாளில் முப்பது ஆண்டுகள் அந்த மொழிகள் அவருக்குச் சோறு போட்டன.

பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம்மவர்கள் 1946ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. தமிழில் படித்து ஆளானவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். வேலைச் சந்தை ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியதால் மாணவர் குறைந்து 1982ல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் பெயரில் தமிழ்மொழி நிலையம் வந்தது. 1987ல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று. எங்கள் ஆசிரியை நண்பர் சொல்வார்: "பள்ளிக்கூடம் போனபோது அழுதோம். ஆனால் மொழியை வீட்டில் பேசுவதற்குப் பள்ளிக்கூடம் தடையில்லையே." அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோதே கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தம் மாணவரிடம் கற்றுக்கொண்டவர்.

கப்பல் பட்டறைக்குப் போன நண்பர் தொடக்கநிலை ஆறோடு பள்ளியை விட்டவர். அதனால் அவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. பற்றவைப்பு வேலையில் கை சுத்தம். ஆனால் வரைபடத்தில் எழுதியிருப்பதைப் படிக்க வராது. படிப்பை இடையில் விட்ட தொழிலாளர்களுக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் 'பெஸ்ட்' திட்டத்தை 1983ல் அரசாங்கம் கொண்டுவந்தது. படிவத்தை வாங்கி மூன்று வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அவருடைய மேற்பார்வையாளர், ஒரு சீனப் பெரியவர், தாமும் அதே வகுப்பில் சேர்ந்து, "நீ வா, நானும் வருகிறேன்" என்றார். வேலை முடிந்து எண்ணெய்ச் சட்டையோடு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தனியாக இருந்திருந்தால் இரண்டாம் வாரமே நின்றிருப்பேன் என்று இன்றும் சொல்கிறார். ஓய்வு பெறும்போது அவர் மேற்பார்வையாளர்.

தாதியின் கதை இன்னும் மீதி இருக்கிறது. 1980களில் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்தபோது உறவினர் கூடினார்கள். "பெண்பிள்ளை இரவு வேலைக்குப் போவதா? அந்நிய ஆண்களைத் தொட்டுப் பணிவிடை செய்வதா?" என்றெல்லாம் பேச்சு. கூட்டத்தில் அத்தா கடைசிவரை பேசாமல் இருந்தார். பிறகு ஒரே வாக்கியம்: "என் வேலையைக் காப்பாற்றியது அவள் புத்தகம். அவள் வேலையை நான் தடுக்கமாட்டேன்." அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய பெரியவர் ஒருவர், பின்னாளில் மருத்துவமனையில் கிடந்தபோது, "நம்ம புள்ள இன்னிக்கு டூட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நம் பெண்களை நாம் தாமதமாகத்தான் வெளியே அனுப்பினோம். அது நம் குறை. அதை ஒப்புக்கொள்வதில் இந்தப் பொன்விழாவுக்கு எந்த இழுக்கும் இல்லை.

சாப்பாட்டுக்கடை நண்பரின் அத்தா தெருவோரத் தள்ளுவண்டிக்காரர். 1970களிலும் 80களிலும் தெருக் கடைகளையெல்லாம் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். வாடகை, உரிமம், சுத்தம் பற்றிய விதிகள் என்று எல்லாம் அவருக்குப் புதிது. ஆனாலும் வண்டித் தண்ணீரில் கோப்பை கழுவிய மனிதருக்குக் கடைக்குள்ளேயே குழாய் வந்தது. மகன் இப்போது கைத்தொலைபேசிச் செயலியில் ஆர்டர் எடுக்கிறார். பேரன் கடைக்கு வரமாட்டானாம். அதில் தமக்கு வருத்தமில்லை என்கிறார். கல்லாவில் உட்காரும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாம்.

இப்போது நாணய மாற்று நண்பரிடம் வருகிறோம். அவர் அனுமதி கொடுத்த பிறகே இதைச் சொல்கிறோம்.

பையனாக இருந்தபோது மாமாவோடு சேஞ்ச் ஆலியில் முக்காலி போட்டு உட்கார்ந்தவர் அவர். அந்தச் சந்து 1989ல் மூடப்பட்டபோது மாமாவோடு வேறு கட்டடத்துக்கு மாறினார். கூட்டிக் கழித்து விலை சொல்வதில் கணக்குப்பொறி அவருக்குப் பின்னால்தான் வரும். ரஷ்ய மாலுமியிடமும் இந்தோனேசியச் சுற்றுப்பயணியிடமும் பத்துச் சொற்களில் வணிகம் முடிப்பார். நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு இருபது ஆண்டுகள் தவறாமல் நன்கொடை கொடுத்தவர்.

முதலில் அட்டைகளும் செயலிகளும் வந்தன. வெளிநாடு போகிறவர்கள் கைத்தொலைபேசியிலேயே பணத்தை மாற்றிக்கொண்டார்கள். பிறகு 2020ல் கொவிட்-19. ஏப்ரல் 7ஆம் தேதி நாடே அடங்கியது. கடைகள் ஜூனில் மெல்லத் திறந்தாலும் எல்லைகள் திறக்கவில்லை. பயணி இல்லாத ஊரில் நாணய மாற்றுக்காரருக்கு என்ன வேலை? 54 வயதில் அவர் கடையை ஒப்படைத்தார். ஆறு மாதம் யாரையும் பார்க்கவில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடவில்லை.

பிறகு ஒருநாள் சங்கத்துக்கு வந்தார். நேராகக் கேட்கவில்லை. "நமக்குத் தெரிந்த ஒருவர் கணினி வகுப்புக்குப் போக நினைக்கிறார். கல்வி நிதியில் உதவி உண்டா?" என்றார். செயலவையில் அன்று எங்களில் இருவர் இருந்தோம். விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். விண்ணப்பதாரர் 25 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்றிருந்தது. "வயதுவரம்பு இருக்கிறதே" என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த விதியை எழுதிய குழுவிலும் நாங்கள் இருந்தோம். கேட்டது யாருக்காக என்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

புரிந்துகொண்டவர் தாதிதான். அவருக்கு அத்தாவின் பால் டின் நினைவுக்கு வந்தது. நண்பரின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் இரவு சங்கத்தின் நூலக அறையில் மூவருமாக உட்கார்ந்தார்கள். கட்டணம் ஒரு தடையாக இருக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் அவருக்குரிய பணம் தொடப்படாமலே கிடந்தது. அந்தத் திட்டத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லில் இருந்து எல்லாமே அவருக்குப் பயமாக இருந்தது. வகுப்பில் மகன் வயதுப் பிள்ளைகள் முன்னால் தப்பாக அழுத்திவிடுவோமோ என்ற பயம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பயம் பாதியானது. பிறகு வகுப்பு. ஒரு முறை தேர்வில் தவறினார். தாதி அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அத்தா 'எம்'மையும் 'என்'னையும் ஆறு மாதம் மாற்றி மாற்றி எழுதினார்" என்றாராம்.

இன்று அவர் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு முகப்பில் நோயாளிகளைப் பதிவு செய்கிறார். முன்பு சம்பாதித்ததைவிடக் குறைவு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மொழி தெரியாமல் தடுமாறி வரும் முதியவர்களை அவருடைய முகப்புக்குத்தான் அனுப்புகிறார்கள். பத்துச் சொற்களில் மனிதரைப் புரிந்துகொள்ளும் பழக்கம் சேஞ்ச் ஆலியில் கற்றது. அது மட்டும் அவரோடு கூடவே வந்துவிட்டது.

அன்பர்களே, கதை சொல்லி முடித்துவிட்டோம். இனி ஒரு வேண்டுகோள்.

தஞ்சோங் பகார் முனையத்தின் வேலைகள் 2017ல் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போய்விட்டன. 2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040களில் அது முழுமையடையும்போது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாள முடியுமாம். எங்களில் ஒருவரின் மகன் அங்கு வேலை செய்கிறார். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன்களை இழுத்துச் செல்கின்றன என்று அவர் சொல்லக் கேட்டோம். அந்த நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிப்பது கேமரா. அன்று ஒரு மனிதர் சிறிய விளக்கடியில் உட்கார்ந்து கற்ற கல்வியை இன்று கண்ணாடிக் கண் ஒன்று நொடியில் செய்துவிடுகிறது.

அவர் கற்றது வீண் என்று சொல்லலாமா? அந்தக் கல்விதான் ஒரு குடும்பத்தை இந்த ஊரில் நிறுத்தியது. ஆனால் ஒருமுறை கற்றது ஒரு தலைமுறைக்குக்கூடப் போதவில்லை என்பதையும் நாம் பார்க்கிறோம். இந்த ஊர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அது ஊரின் குற்றமில்லை. அப்படி ஓடியதால்தான் நமக்கும் வீடும் வாழ்வும் கிடைத்தன. ஆனால் ஓட்டத்தில் ஒருவர் தடுக்கி விழும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது நம் கையில்தான் இருக்கிறது. எங்கள் ஆறு பேரின் வாழ்க்கையையும் திருப்பிப் பார்த்தோம். தனியாகக் கற்று மேலே வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு மகள், ஒரு மேற்பார்வையாளர், ஒரு மாணவர், ஒரு தோழி.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் மூன்று கோரிக்கைகளைச் செயலவையின்முன் வைக்கிறோம்.

முதலாவது, கல்வி நிதியின் வயதுவரம்பை நீக்குங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதம் அரசாங்கம் 4,000 வெள்ளி கற்றல் நிதி கொடுத்திருக்கிறது. கட்டணத்துக்கு அது உதவும். படிக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்குச் சிரமப்படுவோருக்கு நம் நிதி கைகொடுக்கட்டும்.

இரண்டாவது, வாரம் இரண்டு இரவு நூலக அறையைத் திறந்து வையுங்கள். ஆசிரியர் வேண்டியதில்லை. கற்க வருகிறவர் ஒருவர், பக்கத்தில் உட்காருகிறவர் ஒருவர். அவ்வளவுதான். நாங்கள் ஆறு பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். நம் ஊர்களிலிருந்து வேலை அனுமதியில் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். நம் முன்னோரும் ஒரு காலத்தில் புதியவர்களாக இறங்கியவர்கள்தானே.

மூன்றாவது, இது இளையர்களுக்கு. உங்கள் அத்தா, அம்மா கைத்தொலைபேசியை நீட்டி, "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்கும்போது, வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலால் செய்ய வையுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி அதைச் செய்தாள். உங்களாலும் முடியும்.

கப்பலேறிப் போன அந்த நண்பரின் பெயர் எந்த உறுப்பினர் பட்டியலிலும் இல்லை. அவர் போனபோது சங்கமே இல்லை. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளில், படிக்கப் பயந்து பெட்டி கட்டுகிறவர் ஒருவர் நம்மிடையே இருந்தால், டின்னை நீட்டுவதற்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருவோம்.

இந்தச் சங்கத்தை நட்டு வளர்த்து மறைந்த பெரியோர்களுக்கு வல்ல இறைவன் மேலான சுவர்க்கத்தை வழங்குவானாக. இருப்பவர்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த நலத்தையும் தருவானாக. நமக்கு வாழ்வளித்த இந்த நாடும் நலமாக இருக்கட்டும்.

 பிரியாணி ஆறிவிடும் என்று கடைக்காரர் கண்ணைக் காட்டுகிறார்.